லகூனுக்கு நான் சொன்ன அர்த்தம்

மூன்று வருடங்களுக்கு முன் மலையகத்தில், நாலந்தாவுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்பைஸ் கார்டனில் வழிகாட்டியாக இருந்தேன். ஏலம், கறுவா, சாதிக்காய் பற்றி வெள்ளைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் ஒப்புவிப்பதுதான் வேலை. கூட வேலை செய்தவர்களுக்கு ஓர் ஆங்கிலச் சொல் புரியாவிட்டால் என்னிடம்தான் வருவார்கள். தெரியாது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. அவ்வளவு தலைக்கனம்.

அந்த வருடம் எங்கள் எல்லோரையும் ஒரு பஸ்ஸில் கிழக்குக் கரைக்குச் சுற்றுலா கூட்டிப்போனார்கள். தங்கிய இடத்தின் பின்பக்கம் அகலமான நீர்ப்பரப்பு, கரையில் ஆங்கிலத்தில் மட்டும் எழுதிய ஒரு பலகை. பொதி கட்டும் பகுதியில் வேலை செய்த பெண் ஒருத்தி அதை எழுத்துக் கூட்டி வாசித்தாள். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள், கடலையே அன்றுதான் பார்த்தாள்.

“அண்ணே, லகூன்னா என்னங்க?”

ஆழமில்லாத, அமைதியான, கடலை ஒட்டி மறைவாகக் கிடக்கும் நீர் என்று கைபேசி அகராதியில் எப்போதோ பார்த்த ஞாபகம். “கடலோட சாதுவான பக்கம். அலை வராது, பயமில்லாம குளிக்கலாம்” என்றேன். குளிக்கலாம் என்று எந்த அகராதியும் சொல்லவில்லை. அது என் சொந்தச் சரக்கு.

பத்து நிமிடத்தில் அலறல் கேட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்றவளின் கால்கள் சேற்றில் புதைந்துவிட்டன. உதற உதற இன்னும் கீழே போனாள். தண்ணீர் கழுத்துக்கு வந்துவிட்டது. எனக்கு நீந்தத் தெரியாது, கரையில் நின்று கத்தினேன். தோணியில் இறால் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் விரைந்து வந்து, துடுப்பை நீட்டி அவளை இழுத்தெடுத்தார்.

“அலை இல்லையெண்டா ஆபத்தில்லையா புள்ள? அடி முழுக்கச் சேறு!”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். இங்கே ஆழம் தெரியாதவன் நான், காலை விட்டது அவள்.

மெனேஜர் ஓடி வந்தார். “ஒன்ன யாரு எறங்கச் சொன்னா?”

அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். “யாரும் சொல்லலங்க சார். நானாத்தான் எறங்குனேன்.”

நடுங்கிக்கொண்டு நின்றவளை எல்லோர் முன்னாலும் ஏசினார். நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். உண்மையைச் சொன்னால் என் மதிப்புப் போய்விடும் என்ற பயம்.

அடுத்த வாரமே, ஒன்றும் நடக்காததுபோல, ஒரு பெட்டியிலிருந்த ஆங்கிலச் சொல்லைக் காட்டி அர்த்தம் கேட்டாள். தெரியாது, பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இப்போது அதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. ஆனால் ‘நான்தான் இறங்கச் சொன்னேன்’ என்று அன்று மெனேஜரிடம் சொல்லாமல் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.