ஆடியில் யாராவது வீடு மாறுவார்களா?

மகன் பெங்களூரிலிருந்து திரும்பி வருகிறான். மாடி அறையைக் காலி செய்யச் சொல்லலாம் என்று இன்று காலை படியேறினேன்.

அங்கே குடியிருக்கும் ஸ்டெல்லா, ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் தையல்காரி. அறுந்துபோன என் செருப்பைத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். ஊசி நின்றது.

"சரிக்கா. ஞாயித்துக்கிழமை காலி பண்ணிட்றேன்."

"வேற வீடு பாத்துட்டியா?"

"இல்லக்கா. தனியா இருக்குற பொண்ணுக்கு யாரு சீக்கிரம் தர்றாங்க?"

சட்டென்று சொல்லிவிட்டேன்: "இது ஆடி மாசம். ஆடியில யாராச்சும் வீடு மாறுவாங்களா?"

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. எங்களுக்கு இன்னாக்கா ஆடி?"

"எனக்கு இருக்குதில்ல? ஆவணி வரைக்கும் பேசாம இரு."

மகன் கூடத்தில் படுத்துக்கொள்ளட்டும்.

ஆவணியிலும் காலி செய்யச் சொல்ல எனக்கு வாய் வராவிட்டால், அடுத்து புரட்டாசி. அதிலும் வீடு மாறக் கூடாதுதானே? ஆமாம் என்பவர்கள் மட்டும் பதில் போடுங்கள்.