பாலுக்கு ஜெனி வைத்த பெயர்

போன ஞாயிறு தமிழ்ப் பூசையில் எல்லோரும் அமைதியாக முழந்தாளிட்டிருந்த நேரம் பார்த்து, என் நான்கு வயது மகள் ஜெனி உரத்துக் கேட்டாள்.

"அம்மா, எனக்கு முலைத்தண்ணி வேணும்."

முன்வரிசை திரும்பியது. பின்வரிசை திரும்பத் தேவையில்லை... நன்றாகவே கேட்டிருக்கும்.

பூசை முடிந்து வெளியே வரும்போது, வாசலில் மன்னார் அக்கா ஒருவர் என் காதோரம் குனிந்தார். "நாலு வயசாகுது... இன்னும் குடுக்கிறீரோ தங்கச்சி?"

பால் போத்தலைத்தான் கேட்கிறாள் என்று விளக்கினேன். நம்பினாரா? தெரியவில்லை.

'பால்' என்ற சொல் எங்கே போயிற்று? யோசித்தபோது பிடிபட்டது — சியோமா. இங்கே இத்தாலியில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், எங்கள் கட்டடத்திலேயே மேல்மாடியில் இருக்கும் நைஜீரியப் பெண். காலையில் நான் முதலாளியம்மா சிஞ்ஞோரா வீட்டு வேலைக்குப் போக, ஜெனி அவளிடம். மாலையில் அவள் வேலைக்குப் போக, அவள் மகன் எமேக்கா என்னிடம். நல்ல ஏற்பாடு என்றுதான் நினைத்திருந்தேன். பிள்ளையின் தமிழை நானே கெடுக்கிறேனோ?

"நீர் போய்க் கதையும்" என்று கணவர் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

இனி ஜெனி வரமாட்டாள் என்பதை இத்தாலியனில் எப்படி நாகரிகமாகச் சொல்வது? மனப்பாடம் செய்தபடியே படியேறினேன்.

முதலில் பாலைப் பற்றிக் கேட்டேன். சியோமா சிரித்தாள். அவர்களுடைய இக்போ மொழியில் மிரி என்றால் தண்ணீர், ஆரா என்றால் முலை. 'மிரி ஆரா' — பால். தெரிந்த இரண்டு சொல்லை ஒட்டி மூன்றாவதைச் செய்துவிடுவார்களாம். வீடும் காகிதமும் சேர்ந்தால் பள்ளிக்கூடம். வள்ளமும் வானமும் சேர்ந்தால் விமானம். கண்ணும் தண்ணீரும் சேர்ந்தால்...

"அது எங்களுக்கும் கண்ணீர்தான்" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். வந்த காரியம் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முகம் மாறிவிட்டது.

ஊரில் இருக்கும் எமேக்காவின் தகப்பனுக்கு ஃபோன் எடுத்தாளாம். விமானத்தை அவர்கள், வள்ளத்தை முன்னால் வைத்து 'உக்போ எலு' என்பார்கள். பையனோ தமிழ்ப் பிள்ளை மாதிரி வானத்தை முன்னால் வைத்து 'எலு உக்போ' என்றானாம். தகப்பன் திருத்தத் திருத்த, ஃபோன் கார்டே முடிந்துவிட்டதாம்.

"உன்ரை வீட்டிலை என்ரை பிள்ளையின்ரை மொழி தலைகீழாப் போச்சுது. இனி அனுப்பேலாது எண்டு உனக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு ஒரு கிழமையா யோசிக்கிறன்" என்றாள்.

விடிந்தால் திங்கள். ஜெனியை யார் பார்ப்பது? எமேக்காவை யார் பார்ப்பது?

கடைசியில் ஒப்பந்தம் போட்டோம். இரண்டு வீட்டிலும் பாலுக்கு இனி 'லாத்தே', விமானத்துக்கு 'ஏரேயோ'.

இரண்டு தாய்மொழிகளின் மானத்தையும் இப்போது இத்தாலியன்தான் காப்பாற்றுகிறது.