படையலில் ஓர் அப்பிள் ஸ்ட்ரூடல்

கனடாவில், லாசாலில் உள்ள அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையை நினைத்தால், அதன்மேல் இழுத்து விரித்திருந்த அவருடைய கோயில் வேட்டிதான் இன்றும் முதலில் கண்ணுக்குள் வருகிறது. அண்ணி இறந்து ஒரு வருடம் முடிந்து, ஆட்டைத் திவசம் வந்த காலை அது. துறைமுகத்தில் கொள்கலன் லொறி ஓட்டும் மனிதர், வேட்டியில் மாவைத் தூவிக் குனிந்து நின்று, பிசைந்த மாவைப் புறங்கையால் மெல்ல மெல்ல இழுத்துக்கொண்டிருந்தார். அது கிழிந்துகொண்டே இருந்தது.

கனடாவுக்கு வருமுன் அண்ணனும் அண்ணியும் சில வருடங்கள் வியன்னாவில் அகதிகளாக இருந்தவர்கள். அங்கே வீட்டுக்காரியின் சமையலறையில் அண்ணி பழகிக்கொண்ட பலகாரம் இந்த அப்பிள் ஸ்ட்ரூடல். பனி தொடங்கிவிட்டால் அதைச் செய்யாமல் அவரால் இருக்க முடியாது. அடியில் விரித்த துணியின் கரை தெரியும்வரை மாவை இழுத்து, அப்பிளும் கறுவாத்தூளும் வெண்ணெயில் வறுத்த பாண் தூளும் பரப்பிச் சுருட்டி அவணில் வைப்பார். போனவருக்கு விருப்பமானதைப் படைப்பதுதானே நம் வழக்கம்? அண்ணிக்கு வடை, மோதகமெல்லாம் இதற்குப் பிறகுதான்.

திவசத்துக்கு வந்திருந்த எங்கள் பெரியக்காவுக்கு இது பிடிக்கவில்லை.

"வெள்ளைக்காரற்ற சாமானைத் திவசத்துக்குப் படைக்கிறதோ? முட்டை கிட்டை போட்டிருக்கும்."

அண்ணன் நிமிரவே இல்லை. "இதில முட்டை இல்லை அக்கா. மா, தண்ணி, எண்ணெய், துளி வினாகிரி. அவ்வளவுதான்."

"அப்ப கடையில வாங்கி வையன்."

"கடையில வாங்கினதை அவவுக்கு வைக்க மாட்டன்."

அண்ணன் பிடித்தால் பிடிதான். ஆனால் அடுத்துப் பிசைந்ததும் கிழிந்தது. மதியத்துக்குள் படைத்தாக வேண்டும். நான் மாவைத் தொட்டுப் பார்த்தேன், வறட்டு மண்ணாக இருந்தது.

"அண்ணை, எந்த டின்னில எடுத்தனீங்கள்?"

அவர் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. அவர் புட்டு அவிப்பதற்கென்று நானே நீராவியில் அவித்து, அரித்துக் கொடுத்த கோதுமை மா! அவித்த மா புட்டுக்கு நன்றாக உதிரும், ஜென்மத்துக்கும் இழுபடாது. யாழ்ப்பாணத்து வீட்டைத் தவிர வேறெங்கே இந்தக் கூத்து நடக்கும்? அண்ணன் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. சப்பாத்தை மாட்டிக்கொண்டு தெருமுனை டெப்பனூர்க் கடைக்குப் போய் அவிக்காத பச்சை மா வாங்கி வந்தார். பிசைந்து, அது ஊறும்வரை காவல் நிற்பவர்போலப் பக்கத்திலேயே நின்றார். இந்த முறை மாவுக்குள்ளால் வேட்டிக் கரை தெரிந்தது. எனக்குக் கைதட்ட வேண்டும்போல் இருந்தது.

ஸ்ட்ரூடல் ஓரம் வெடித்து, சாறு வழிந்து, சற்றுக் கருகித்தான் வந்தது. அண்ணன் அதை வெட்டி, ஆவி பறக்கப் பறக்க வாழையிலையில் அண்ணியின் படத்துக்கு முன் வைத்தார். உயிரோடிருந்த காலத்தில் அண்ணி எல்லோருக்கும் வெட்டிக் கொடுத்துவிட்டு, மிஞ்சியதை ஆறிய பிறகு குசினியில் நின்றபடிதான் சாப்பிடுவார். பெரியக்கா கற்பூரம் கொளுத்தக் கையை நீட்டினார்.

"பொறுங்கோ அக்கா," என்றார் அண்ணன். பிறகு படத்தின் பக்கம் திரும்பி, நாங்கள் எல்லோரும் கேட்கச் சொன்னார்:

"ஆற முதல் சாப்பிடும்."