காலித் தட்டும் ஜிபாரின் டேப்பும்

ஜிபார் நர்சுக்குப் பதினெட்டு வருட அனுபவம். ஓர் ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் ஊட்டம் பார்ப்பது அவள் பொறுப்பு. எடை எவ்வளவு இறங்கியது, டேப்பால் அளந்தால் மேல்கையின் சுற்றளவு எவ்வளவு, தட்டில் மிச்சம் எவ்வளவு என்று மூன்றையும் பார்த்து, ஊட்டக் குறைவு லேசானதா கடுமையானதா என்று எழுதிவிடுவாள். தன் கணிப்பு பிசகாது என்ற கர்வம் அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

அந்தக் கர்வத்தை மம்பெதாலி என்ற வயதான ஆட்டிடையர் பத்தே நாளில் இறக்கிவிட்டார். கல்லீரலில் நீர்க்கட்டி, அறுக்க வேண்டும். எடையோ இறங்கிக்கொண்டே போனது, கையும் குச்சியானது. தட்டு மட்டும் மூன்று வேளையும் பளிச்சென்று காலி.

"இன்னும் ஒரு கிலோ இறங்கினா நான் கத்தியத் தொடமாட்டேன். அறுக்காம விட்டு கட்டி உடைஞ்சா ஆளே போயிடுவாரு. ஒழுங்கா சாப்பிடறாரா இல்லியா?" என்று டாக்டர் எரிந்து விழுந்தார்.

"தட்ட வழிச்சு வெக்கிறாரு டாக்டர்."

"அப்ப அதெல்லாம் எங்கதான் போகுது?"

அதைக் கண்டுபிடிக்க ஜிபார் மதியச் சாப்பாட்டு வேளையில் அவர் கட்டிலருகே போய் நின்றாள். கிழவர் முகம் மலர்ந்தது.

"வாம்மா, வா! சும்மா போகலாமா? ரொட்டியில ஒரு வாயாவது பிச்சுப் போட்டுக்க."

அந்த ஊரில் நீட்டிய ரொட்டியை யாராவது மறுப்பார்களா? வழக்கம்போல உட்கார்ந்தாள். ரொட்டியோடு கறித்துண்டும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரர் எட்டிப் பார்த்தார், அவருக்கும் கறி. தரை துடைக்க வந்தவளுக்குச் சூப். தட்டு காலியானதும் மம்பெதாலி திருப்தியாகத் தன் வாயைத் துடைத்துக்கொண்டார்.

மென்றுகொண்டிருந்த ஜிபாருக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து தின்றுவிட்டு, 'நோயாளி முழுதும் சாப்பிட்டார்' என்று எழுதியவளே அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பெரியப்பா, இதுல நீங்க என்ன சாப்பிட்டீங்க?"

"விருந்தாளிய வெச்சுக்கிட்டு நான் திங்கறதா? என்ன பேச்சு பேசுற நீ!"

திட்டினால் கேட்கமாட்டார். கெஞ்சினால் இன்னொரு துண்டு கொடுப்பார். யோசித்துப் பார்த்துவிட்டு, அன்று சாயந்திரம் ஜிபார் அவரைத் தன் அறைக்கு அழைத்தாள். வாசலுக்கு எதிரே, விருந்தாளிக்கான மரியாதை இடத்தில் உட்காரவைத்து, பெரிய கிண்ணம் நிறைய நூடுல்ஸ் சூப்பை முன்னால் வைத்தாள்.

"நீயும் எடுத்துக்கம்மா."

"இங்க நான் வீட்டுக்காரி, நீங்க விருந்தாளி. மிச்சம் வெச்சீங்கன்னா எனக்கு எவ்வளவு அவமானம்!"

கிழவர் வசமாக மாட்டிக்கொண்டார். முனகிக்கொண்டே குடித்தார். இரண்டாவது கிண்ணத்தில் முனகல் நின்றது. அதன்பின் மூன்று வேளையும் அவருக்கு அந்த அறையில்தான் விருந்து.

விருந்து தொடங்கிப் பதினைந்தாம் நாள், எடையும் ஜிபாரின் டேப்பில் கைச்சுற்றும் ஏறியிருந்ததைப் பார்த்து டாக்டர் ஆப்பரேஷனுக்குத் தேதி குறித்தார். மம்பெதாலி துள்ளி எழுந்தார்.

"நல்ல சேதி! வார்டு மொத்தத்தையும் கூப்பிடு, என் மகன் ஒரு ஆட்டோட வரான், விருந்து வெச்சிடலாம்!"

"உக்காருங்க பெரியப்பா. கட்டிய எடுக்கிற வரைக்கும் நீங்க விருந்தாளிதான்."

"அப்ப நான் எப்பத்தான் வீட்டுக்காரன் ஆவறது?"

"பொழச்சு வீட்டுக்குப் போங்க. மொத ஆளா நானே வந்து திங்கறேன்."

கிழவர் உட்கார்ந்தார். சூப்புக் கிண்ணத்தைக் கையில் எடுத்தார்.