பெரிய வியாழனன்று அப்பா மண்டியிட்டது

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் தமிழ்க் கிறிஸ்தவச் சபைக்கு அப்பா தலைவராக இருந்தார். ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழன் ஆராதனையில் கால் கழுவும் சடங்கை எப்போதும் போதகர்தான் செய்வார். எனக்குப் பத்து வயதான வருடம் புதிதாக வந்த போதகர், இம்முறை சபைத் தலைவரே பன்னிரண்டு பேரின் கால்களைக் கழுவட்டும் என்று சொல்லிவிட்டார். ஆண்டவரே சீஷர்களின் காலைக் கழுவியிருக்கும்போது தலைவருக்கு என்ன என்று கேட்டாராம்.

அப்பா அதைக் கௌரவமாகவே எடுத்துக்கொண்டார். புது வெள்ளைத் துண்டுகள் வாங்கினார். வீட்டில் என்னை நாற்காலியில் உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார். தண்ணீர் சில்லென்று பட்டதில் நான் சிரித்துவிட்டேன்; தாழ்மையான காரியத்தில் சிரிக்கக் கூடாது என்று அதட்டினார். பன்னிரண்டு பேரையும் அவரே தேர்ந்தெடுத்தார். எல்லாரும் சுத்தமான கால் உள்ளவர்களாகப் பார்த்து எடுத்திருக்கிறார் என்று அம்மா சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை.

அதில் சித்தப்பா இல்லை. முந்தைய வருடம்வரை பாடகர் குழுவை நடத்தியவர் அவர். ஒரு ஞாயிறு ஆராதனைக்குத் தாமதமாக வந்தார். அன்றே அப்பா சபை முன்னால் எழுந்து, இனி குழுவை வேறொருவர் நடத்துவார் என்று அறிவித்துவிட்டார். சித்தியைக் கிள்ளான் மருத்துவமனையில் சேர்த்துவிட்டு சித்தப்பா நேராக ஓடி வந்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. தெரிந்த பின்னும், அறிவித்ததை மாற்றுவது தலைவருக்கு அழகல்ல என்று அப்பா இருந்துவிட்டார். அதன்பின் சித்தப்பா கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் கூறுமுன் கிளம்பிவிடுவார்.

அந்த வியாழன் மாலை, அப்பா தேர்ந்தெடுத்தவர்களில் ஒருவர் ஃபெடரல் ஹைவே நெரிசலில் மாட்டிக்கொண்டார். ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நடந்தது எதுவும் அறியாத போதகர் சித்தப்பாவைக் கைகாட்டி அழைத்தார். அவர் சற்றுத் தயங்கி, வந்து உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றினார்.

கடைசியாக அவர் முன் அப்பா மண்டியிட்டபோது, சித்தப்பா கால்களை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

"வேணாண்ணே."

எல்லாரும் பார்க்கிறார்கள், காலைக் கொடு என்று அப்பா முணுமுணுத்தார். அவர் காலரில் மைக் செருகியிருந்ததால் அது கடைசி வரிசைவரை கேட்டது.

"கால் கழுவுறது பெரிசில்லண்ணே. அன்னிக்கு ஏன் லேட்டுன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல."

அப்பா எழுந்து போய்விட வேண்டும் என்று நான் விரும்பினேன். அவர் எழவில்லை.

"கேட்டிருக்கணும்" என்றார். "எல்லார் முன்னாலயும் உன்னைய எறக்குனேன். விஷயம் தெரிஞ்சும் சும்மா இருந்தேன். தப்பு என்னோடதுதான் தம்பி."

சித்தப்பா காலை நீட்டினார். அப்பா கழுவினார், துடைக்க மறந்துபோனார். அப்புறம் முழங்கால் வலியில் அவரால் எழ முடியவில்லை. சித்தப்பா ஈரக்காலோடு எழுந்து, அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஈஸ்டர் அன்று சித்தப்பா குடும்பம் எங்கள் வீட்டில் சாப்பிட்டது.

ஆனால் அந்த வியாழன் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போதே பெரியவர்கள் சிலர், தலைவரே இப்படி இறங்கிப்போனால் யார் மதிப்பார்கள் என்று பேசிக்கொண்டார்கள். எனக்கு அழுகை வந்தது. திரும்பும் வழியில் காரில், "அப்பா, மைக் ஆன்லயே இருந்துச்சு. எல்லாருக்கும் கேட்டுச்சு" என்றேன்.

"அப்பவே தெரியும்மா" என்றார் அப்பா, சாலையைப் பார்த்தபடி.

அந்த வருடப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவி வேறொருவருக்குப் போனது. மைக்கை அணைக்க மறந்ததால் வந்த வினை அது என்றும், அப்பா காரில் சொன்னது வெட்கத்தை மறைக்கச் சொன்ன பொய் என்றும் நான் வெகுகாலம் நம்பியிருந்தேன்.