ஜூலையில் ஊதிய மூச்சு

செத்தவர் மூச்சு விட்டதாக அச்சடித்த தாள் உங்கள் கைக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? விபூதியைத் தேடுவீர்களா, அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தேடுவீர்களா?

ஜுவைரியா எண்ணைத் தேடுகிறவர். ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடித்தவரின் மகள், புள்ளியியல் படித்தவர். இங்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பஞ்சுத்தூசி நுரையீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க, பஞ்சாலைத் தொழிலாளர்கள் மாதம் ஒருமுறை குழாயில் ஊதும் மூச்சின் அளவை, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று, தொகுப்பது அவர் வேலை. ஆளுக்கு ஒரு நிரை, மாதத்துக்கு ஒரு நிரல். இரண்டு ஊர் அட்டவணைகளையும் ஆர் என்ற கணினி மொழியில் ‘ஆர்பைண்ட்’ என்ற கட்டளையால் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டுவார்.

சேத்தூர் வெள்ளத்தாய், பஞ்சை உதறும் ப்ளோரூமில் பதினொரு வருடம் நின்றவர், ஜூன் கடைசியில் இறந்தார். ஆள் செத்த அன்றே பட்டியலில் பெயரை அடித்துவிடுவது மில் வழக்கம். ஜுவைரியாவுக்குப் பொறுக்கவில்லை. வருடக் கணக்கை ஒட்டும்போது அவருடைய ஆறு மாத எண்களைத் தேடியெடுத்துக் கடைசி நிரையாகத் தானே ஒட்டினார்.

வருட முடிவில் மில்லுக்குப் போன அறிக்கையின் நகலோடு வெள்ளத்தாயின் மகள் செல்வலட்சுமி ஜுவைரியாவிடம் வந்தாள். அம்மா நின்ற இடத்தில் இப்போது அவள்தான் நிற்கிறாள்.

“அக்கா, எங்கம்மாவப் பொதைச்சது ஜூன்ல. ஜூலைல முந்நூத்திப் பத்து போட்டுருக்கு. யாரு ஊதுனது?”

ஜனவரியில் முந்நூற்றுப் பத்து. குறைந்து குறைந்து ஜூனில் நூற்றைம்பது. ஜூலையில் மறுபடி முந்நூற்றுப் பத்து. டிசம்பர்வரை ஒரு கட்டம்கூடக் காலியில்லை. ஜுவைரியா தாளை வாங்கி மேசையில் விரித்தார்.

பக்கத்து மேசை பாண்டிதுரை எட்டிப் பார்த்தார். “கம்ப்யூட்டருக்கும் சாமி வருது போல. எலுமிச்சம்பழம் வாங்கியாரவா?”

“வாங்கியாந்து ஒங்க தலையில பிழிங்க. செத்த நேரம் சும்மா இருங்க.”

ஜுவைரியா விரல் வைத்துப் படித்தார். ஜூலை, ஜனவரியின் எண். ஆகஸ்ட், பிப்ரவரியின் எண். பன்னிரண்டு நிரல்களுக்கு ஆறே எண்கள் கொடுத்திருந்தார். கட்டளை முதலிலிருந்து மறுபடி எடுத்து நிரப்பியிருந்தது. ஆறு பன்னிரண்டில் மிச்சமில்லாமல் அடங்குவதால் எச்சரிக்கைகூட வரவில்லை.

“தப்பு என்னோடதுதான், செல்வலட்சுமி.”

அவள் இன்னொரு தாளை நீட்டினாள். தூசி உறிஞ்சும் இயந்திரம் கேட்டுத் தொழிலாளர்கள் கொடுத்த மனுவுக்கு, அறிக்கையைக் காட்டி நிர்வாகம் எழுதிய பதில்: ‘வெள்ளத்தாய் ஜூலையில் தானாகவே தேறியிருக்கிறார். தூசி காரணமல்ல. தூசி உறிஞ்சும் இயந்திரம் தேவையில்லை.’

ஜூனில் வெள்ளத்தாயின் பெயரைப் பட்டியலில் அடித்த அதே மேலாளரின் கையெழுத்து. பேய்க்குக்கூட இவ்வளவு துணிச்சல் வராது.

ஆறு கட்டங்களையும் காலியாக்கி, முதல் பக்கத்தில் தன் தவற்றை எழுதி, ஜுவைரியா அறிக்கையை மறுபடி நிர்வாகத்துக்கு அனுப்பினார். இயந்திரம் இன்னும் வரவில்லை. செல்வலட்சுமி இந்த மாதம் ஊதியது இருநூற்று எழுபது. போன மாதம் முந்நூறு.

உங்கள் ஊர் மில்லின் மூச்சு அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். இறந்தவர்களின் நிரையில் விரல் வைத்துப் பாருங்கள். இறந்த மாதத்துக்குப் பிறகும் காலிக் கட்டம் இல்லையென்றால், மில் வாசலில் நின்று கேளுங்கள்: யார் ஊதியது?