ஆளு தெரியலைங்க

நான் திருச்சி கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தபோது, வெள்ளைக்கார ஜட்ஜுக்குச் சாட்சிகளின் தமிழை இங்கிலீஷில் சொல்ல ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவர் இருந்தார். ஒடிசலான மனிதர். பேசுவதற்கு முன் கோட்டுப் பொத்தானைத் திருகுவார்.

அன்று ஆட்டுத் திருட்டு வழக்கு. வக்கீல் வைக்க வழியில்லாத உப்பிலியபுரத்துக்காரன் கூண்டில் நின்றான். ஆட்டோடு ஓடியது யார் என்று அவன் ஊர்ச் சாட்சியைக் கேட்டார்கள்.

"ஆளு தெரியலைங்க."

இருட்டில் முகம் தெரியவில்லையா, இல்லை ஓடியவன் முன்பின் தெரியாத ஆளா? தெரியாத ஆள் என்றால், ஒரே ஊர்க்காரனான இவன் விடுதலை. சாட்சியை மறுபடி கேட்க ஸ்ரீரங்கத்துக்காரர் அனுமதி கேட்டார். ஜட்ஜ் எரிந்து விழுந்தார். பொத்தான் அறுந்து கையோடு வந்தது. இவர் இங்கிலீஷில் சொல்ல மறுத்துவிட்டார். ஜட்ஜ் இவரை விலக்கி வேறொருவரைக் கூப்பிட்டார்; வந்தவர், முகம் தெரியவில்லை என்று சட்டென்று சொல்லிவிட்டார். மற்ற சாட்சியத்தை வைத்து அவனுக்கு ஜெயில்.

சாயங்காலம் கேட்டேன். "நீங்க அவனுக்கு நல்லதா, தெரியாத ஆள்னே சொல்லியிருக்கலாமே, ஸ்வாமி?"

"அவன் தப்பிக்கணும்னு மனசு அடிச்சுண்டது. அந்த ஆசையோட சொன்னா அது சாட்சி வார்த்தை இல்லை, என் வார்த்தை."

சொல்லும்போது அவர் விரல்கள் இல்லாத பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தன. வெளியே ஜெயிலுக்குப் போனவன் பெண்டாட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவர் செய்தது சரியா? எனக்கு இன்னும் தெரியலைங்க.